புது வடிவம் பெற்ற செய்தித் தளத்தில் உறுப்பினர் கணக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

செய்தித் தளம் ஒன்று புது வடிவத்துக்கு மாறியதும், பழைய உறுப்பினர் முதலில் காண்பது தம் கணக்கு திறந்த நிலையில் இல்லை என்பதைத்தான். கணக்கே அழிந்துவிட்டதாக எண்ணிப் பலர் உடனே புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு அதுவே காரணம். முன்பு உள்நுழைந்ததற்கு அடையாளமாக உங்கள் உலாவி வைத்திருந்த குக்கியைப் புதிய தளம் ஏற்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை நிலை. உங்கள் பெயர், சந்தா, சேமித்த செய்திகள் ஆகியவை தளத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. ஆகவே 'பதிவு செய்க' என்ற பொத்தானைத் தொடாமல் 'உள்நுழைக' என்பதையே தேர்ந்தெடுத்து, முன்பு எந்த வழியில் நுழைந்தீர்களோ அதே வழியில் நுழையுங்கள்.

அந்த வழி எது என்பது மறந்திருந்தால், உங்கள் மின்னஞ்சல் பெட்டியிலும் குறுஞ்செய்திகளிலும் தளத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். வரவேற்புக் கடிதமோ சந்தா ரசீதோ எந்த முகவரிக்கு வந்ததோ அதுவே உங்கள் கணக்கின் முகவரி. கைபேசி எண்ணில் தொடங்கிய கணக்கும் கூகுள் பொத்தானை அழுத்தித் தொடங்கிய கணக்கும், இரண்டையும் நீங்களே இணைத்திருந்தால் ஒழிய, தளத்தின் பார்வையில் வெவ்வேறு ஆட்களுடையவை. பணம் கட்டிய சந்தா ஒன்றில் இருக்க, மற்றொன்றில் நுழைந்துவிட்டு, மீண்டும் பணம் கேட்கிறார்களே என்று வருந்துவோர் பலர். கடவுச்சொல்லைப் புதிதாக அமைக்கும்படி தளம் கேட்டால் அதில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. ஒழுங்காக நடத்தப்படும் தளங்கள் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்பப் படிக்க இயலாத வடிவில்தான் வைத்திருக்கும். மென்பொருள் முழுவதும் மாறும்போது அந்த வடிவம் சில நேரம் பொருந்தாமல் போகும். ஆனால் மீட்டமைக்கும் இணைப்பை நீங்களே தளத்துக்குச் சென்று கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் வந்த இணைப்பைத் தொடக் கூடாது.

நம் இரு மாவட்டங்களிலும் கணக்கு கைநழுவிப் போவதற்குப் பெரிய காரணம், அது யாருடைய கைபேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதே. பென்னாகரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன் எண்ணிலேயே கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தார். வடிவம் மாறிய பிறகு அவர் உள்நுழைய முயலும்போதெல்லாம் ஓ.டி.பி. மகனின் கைபேசிக்குப் போகும். "தம்பி, ஓ.டி.பி. வந்திருக்கும் பாருப்பா" என்று இவர் அழைக்க, "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, கொஞ்ச நேரத்துல சொல்றேன்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஊருக்கு வந்திருந்தபோது, இருவரும் பக்கத்தில் அமர்ந்து கணக்கைத் திறந்து, 'சுயவிவரம்' பகுதியில் கைபேசி எண்ணைத் தந்தையின் எண்ணாக மாற்றினார்கள். பழைய எண்ணுக்கு ஒன்று, புதிய எண்ணுக்கு ஒன்று என இரண்டு ஓ.டி.பி. கேட்டது. வேலை முடிந்தது. உங்கள் வீட்டிலும் இதே நிலை இருந்தால், பழைய எண் பயன்பாட்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஓசூரில் பலர் கர்நாடக எண் ஒன்றும் தமிழக எண் ஒன்றும் வைத்திருந்து, சில காலம் கழித்து ஒன்றை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அதன் பிறகு உங்கள் கணக்குக்கான ஓ.டி.பி. முகம் தெரியாத ஒருவரின் கைக்குச் செல்லும். மாற்று வழியாக ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கணக்கில் சேர்த்து வைப்பது நல்லது.

மாவட்டத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

உள்நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. தலைநகரச் செய்திகளைக் கணக்கு இல்லாமலேயே படிக்கலாம். பாலக்கோடு தக்காளி மண்டியின் விலையோ அரூர் நகராட்சியின் குடிநீர் அறிவிப்போ முகப்பில் தானாக வந்து நிற்காது. அதை நம் கண்முன் கொண்டுவருவதுதான் உறுப்பினர் கணக்கின் தலையாய பயன் என்று நான் கருதுகிறேன். புதிய தளங்கள் பல, வாசகர் இருக்கும் இடத்தை இணைய இணைப்பின் முகவரியைக் கொண்டு ஊகித்து 'உங்கள் பகுதிச் செய்திகள்' என்று காட்டுகின்றன. அந்த முகவரி, நிறுவனத்தின் இணைப்பு எந்த நகரத்தின் வழியாக வெளியேறுகிறதோ அந்த நகரத்தையே பெரும்பாலும் சுட்டும். ஓசூரில் அமர்ந்து படிப்பவருக்குப் பெங்களூருச் செய்திகளும், காரிமங்கலத்தில் படிப்பவருக்குச் சென்னைச் செய்திகளும் வருவது இதனால்தான். 'என் கணக்கு' பகுதியில் இடம் அல்லது மாவட்டம் என்று இருக்கும் இடத்தில், தானியங்கித் தேர்வை நீக்கிவிட்டு மாவட்டத்தைக் கையால் குறியுங்கள்.

ஒரு மாவட்டத்தை மட்டும் குறித்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். காரிமங்கலம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தாலும், அங்குள்ள மா விவசாயிக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா ரகத்துக்கு என்ன விலை கொடுக்கின்றன என்பது முக்கியம். அச்செய்தி கிருஷ்ணகிரியின் கீழ் வரும். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து போக்குவரத்து நின்றால், அச்செய்தி தருமபுரியின் கீழும் வரலாம், சேலத்தின் கீழும் வரலாம். சில தளங்களில் நம் இரு மாவட்டங்களும் சேலம் பதிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். எனவே சொந்த மாவட்டத்துடன் அண்டை மாவட்டம் ஒன்றையாவது சேர்த்துக் குறியுங்கள். வட்டம் வரை தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் அதையும் விடாதீர்கள்.

தலைப்புகளைப் பின்தொடரும் வசதி இருந்தால், ஒரே பெயர் பலவாறு எழுதப்படுவதை நினைவில் கொள்ளுங்கள். ஒகேனக்கல் என்றும் ஒகேனேக்கல் என்றும், ஓசூர் என்றும் ஒசூர் என்றும், தருமபுரி என்றும் தர்மபுரி என்றும் செய்திகளில் வருகிறது. தளம் தரும் பட்டியலில் இரண்டு வடிவங்களும் இருந்தால் இரண்டையும் சேருங்கள். தேடல் பெட்டியிலும் இதே முறை பொருந்தும். பழைய செய்தியைத் தேடுவோருக்கு இன்னொரு குறிப்பு: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் வெளியான ஓசூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளிச் செய்திகள் தருமபுரி மாவட்டத்தின் பெயரில்தான் வகைப்படுத்தப்பட்டிருக்கும். தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல் என்பதால், அதற்கும் முந்தைய செய்தித்தாள்கள் தளத்தின் காப்பகத்தில் இருக்குமானால் சேலம் என்று தேட வேண்டும்.

அறிவிப்புகள்

இப்பகுதியில் சற்று நிதானம் தேவை. ஏனெனில் ஒரு செய்தி அறிவிப்பு உங்கள் திரைக்கு வர மூன்று இடங்களில் அனுமதி இருக்க வேண்டும்: தளத்தில் உங்கள் கணக்கின் அமைப்புகளில், உலாவியில் அல்லது செயலியில், பிறகு கைபேசியின் செட்டிங்ஸில். ஏதேனும் ஓர் இடத்தில் தடை இருந்தாலும் ஒன்றும் வராது. வடிவ மாற்றத்தின்போது தளத்தின் இணைய முகவரியும் மாறியிருந்தால், முன்பு உலாவியில் கொடுத்த அனுமதி செல்லாது. அந்த அனுமதி முகவரியைச் சார்ந்தது என்பதால் புதிதாகக் கொடுக்க வேண்டும். குரோமில் முகவரிப் பட்டையின் இடப்புறம் உள்ள சிறு குறியைத் தொட்டால் அனுமதிகளின் பட்டியல் திறக்கும். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் ஒவ்வொரு செயலியும் அறிவிப்பு அனுப்ப உங்களிடம் தனியாக அனுமதி கேட்கிறது. அப்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டிருந்தால், செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குச் சென்று மாற்றலாம். ஐபோனில் செயலி இல்லாமல் தளத்திலிருந்தே அறிவிப்பு பெற, 2023இல் வெளியான ஐ.ஓ.எஸ். 16.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளவும் வேண்டும். அறிவிப்புகள் பல மணி நேரம் தாமதமாக வந்தால், கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அந்தச் செயலியை உறங்க வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி கொடுத்ததும் 'எல்லாச் செய்திகளும்' என்ற தேர்வை அப்படியே விட்டுவிடாதீர்கள். நாளெல்லாம் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தால் எவரும் சில நாட்களில் மொத்தமாக நிறுத்திவிடுவார்கள்; அவசியமான அறிவிப்பும் அத்துடன் போய்விடும். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கும் மீன் கடை வைத்திருப்பவருக்கும், பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி நீர் வருகிறது, பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டதா நீங்கியதா என்பவை அன்றைய வருமானத்தைத் தீர்மானிப்பவை. அவர் 'காவிரி' அல்லது 'ஒகேனக்கல்' என்ற ஒரு தலைப்புக்கு மட்டும் உடனடி அறிவிப்பை வைத்து, அரசியல், திரை, விளையாட்டு ஆகியவற்றை அணைத்துவிடலாம். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. அங்குள்ளவர்கள் 'யானை' என்ற தலைப்பைப் பின்தொடர்வது பயனுள்ளதே. ஆனால் செய்தியாளர் எழுதி, ஆசிரியர் பார்த்து, தளத்தில் ஏறும்வரை நேரம் பிடிக்கும். இரவில் வயலுக்குப் போகலாமா என்பதை வனத்துறையின் எச்சரிக்கையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். செய்தி அறிவிப்பு வரவில்லை என்பதை யானை வரவில்லை என்று எடுத்துக்கொள்வது உயிருக்கே ஆபத்து. குறித்த நேரத்தில் அறிவிப்புகள் வராமல் நிறுத்திவைக்கும் 'அமைதி நேரம்' என்ற வசதி பல தளங்களில் உண்டு. மாணவர்கள் உள்ள வீட்டில் அதை அமைத்துவிடுங்கள்.

மின்னஞ்சல் மடல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை மடல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றின் குறியை நீக்கிவிடலாம்.

சேமித்த செய்திகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது இந்த வசதியைத்தான். வடிவ மாற்றத்தில் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே. செய்தியின் அருகில் உள்ள குறியைத் தொட்டுச் சேமிக்கும்போது, உங்கள் கணக்கில் சேர்வது செய்தி அன்று, அதன் முகவரிச் சீட்டு மட்டுமே. செய்தி நீக்கப்பட்டாலோ, முகவரி மாறினாலோ, சந்தாதாரருக்கு மட்டும் என்று ஆக்கப்பட்டாலோ, சீட்டு இருந்தும் பயனில்லை. ஆகவே புதிய தளத்தில் நுழைந்ததும் 'சேமித்தவை' பகுதியைத் திறந்து, பழைய பட்டியல் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பழைய செய்திகள் சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். திறக்காதவற்றின் தலைப்பைத் தேடல் பெட்டியில் இட்டால், புதிய முகவரியில் கிடைக்க வாய்ப்புண்டு. நில எடுப்பு அறிவிப்பு, ஊரைப் பற்றிய அரசு உத்தரவு, உங்கள் குடும்பத்தார் பற்றிய செய்தி போன்றவற்றை, உலாவியின் அச்சிடும் வசதியைக் கொண்டு பி.டி.எஃப். கோப்பாகத் தேதியுடன் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துப் பகுதியில் எழுதுபவர்கள், தம் 'காட்சிப் பெயர்' என்னவாக மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காட்சிப் பெயர் அமைக்காதவர்களுக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் பகுதியையே பெயராகக் காட்டும் தளங்கள் உண்டு. அதில் உங்கள் கைபேசி எண் இருந்தால் எல்லோரும் படிக்கும்படி ஆகிவிடும்.

சந்தாவும் பாதுகாப்பும்

ஆண்டுச் சந்தா கட்டியவர்கள், 'என் சந்தா' பகுதியில் முடிவுத் தேதி பழைய ரசீதுடன் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும். செய்திச் சந்தா போன்ற 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு, முதல்முறைக்குப் பின் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படாது. செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதால் இந்த ஏற்பாடு நிற்காது. தளத்தில் சந்தாவை நிறுத்திவிட்டு, உங்கள் யு.பி.ஐ. செயலியில் 'ஆட்டோபே' பகுதிக்கும் சென்று அனுமதியை ரத்து செய்யுங்கள்.

வடிவ மாற்றச் செய்தி வெளியானதும் மோசடியாளர்களும் அதைப் பயன்படுத்துவார்கள். "உங்கள் கணக்கைப் புதிய தளத்துக்கு மாற்ற இங்கே தொடவும்" என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டிச் செல்லுங்கள். எந்தச் செய்தி நிறுவனமும் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்காது, கணக்கைச் சரிபார்க்கவோ பணத்தைத் திருப்பிப் பெறவோ யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை, அது பணம் அனுப்புவதற்கானது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்தவர் கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் தடுத்துவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

நூலகத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உள்நுழைந்தவர்கள் 'வெளியேறு' என்பதைத் தொட்ட பிறகே எழ வேண்டும். மறந்து வந்துவிட்டால், வீட்டுக் கைபேசியிலிருந்தே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைப் பயன்படுத்தலாம்.

இவற்றில் ஏதேனும் நடக்காவிட்டால், தளத்தின் உதவிப் பக்கத்துக்கு எழுதுங்கள். "கணக்கு வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் கண்டறிய இயலாது. எந்த எண்ணில் அல்லது எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தீர்கள், எந்தக் கைபேசி, எந்த உலாவி, எந்த நாள் எந்த நேரம், எந்தப் பொத்தானைத் தொட்டபோது திரையில் என்ன சொற்கள் வந்தன என்பதை எழுதி, அந்தத் திரையின் படத்தையும் (ஸ்கிரீன்ஷாட்) இணையுங்கள். சந்தா தொடர்பானது என்றால் ரசீது எண்ணைச் சேருங்கள். கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள்.