கோச்சிப் பாதையோரம் காங்கேசன்துறைக்கு: சைக்கிளில் ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் பலர் வாகனம் பிடித்துக் கீரிமலைக் கேணியடியில் இறங்கி, படம் எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிடுகிறார்கள். அந்த வழியை ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைவரை ஏறக்குறைய 18 கிலோமீற்றர். ஏற்றமே இல்லாத தரை.

வடக்கில் கோச்சி, அதாவது ரயில், முதலில் ஓடியது இந்தப் பாதையில்தான். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கொழும்போடு இணைந்தது 1905இல். 1990 ஜூனில் போரால் எல்லாம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. காங்கேசன்துறைக்கு மறுபடி ரயில் வந்தது 2015 ஜனவரியில். ஆகவே நீங்கள் காணப்போகும் தண்டவாளம் புதியது. கோச்சி போன தடம்தான் பழையது. உங்கள் அம்மாவும் அப்பாவும் பயணம் செய்த தடம்.

பல விடுதிகளில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். பிரேக்கையும் ரயர் காற்றையும் முதல் நாள் மாலையே பார்த்துவிடுங்கள். காலை 6 மணிக்குள் புறப்பட வேண்டும்; 10 மணிக்குப் பிறகு வெயில் இரக்கம் காட்டாது. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வேயிலிருந்து வருபவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இங்கே இடப்பக்கம். சந்தியில் திரும்பும்போது பழக்கம் உங்களை வலப்பக்கம் இழுக்கும். காங்கேசன்துறை வீதியில் பஸ்கள் விரைந்து வரும். பிள்ளைகளோடு போனால், இயன்ற இடங்களில் உள் ஒழுங்கைகளைப் பிடியுங்கள். ரயில் கடவைகளில் கட்டாயம் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடவுங்கள். எல்லாக் கடவையிலும் காவலாளி இருப்பதில்லை. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவே வேண்டாம்.

கொக்குவில், கோண்டாவில் கடந்தால் இணுவில். தவில் மேதை தட்சணாமூர்த்தியின் ஊர். வீதியை விட்டு விலகினால் செம்மண் தோட்டங்கள். சுன்னாகத்தில் தேநீர் குடித்துவிட்டு, சந்தைக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள். மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோவிலில் சற்று இளைப்பாறலாம்.

அதற்கு அப்பால் மெதுவாகப் போங்கள். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமான நிலம் கட்டம் கட்டமாகத்தான் திரும்பக் கிடைத்தது. புது வீட்டுக்குப் பக்கத்தில் கூரையில்லாத சுவர். சுவருக்குள் வளர்ந்த மரம். அது யாரோ ஒருவரின் வீடு, உள்ளே நுழையாதீர்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுக் குறி கண்ட இடத்தில் வீதியை விட்டு ஓரடிகூட இறங்கக் கூடாது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலடியில் இடப்பக்கம் திரும்பினால் கீரிமலை. முதலில் நேரே போய்க் காங்கேசன்துறை நிலையத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாதை அங்கே கடலை நெருங்கி முடிகிறது. பிறகு கீரிமலைக் கேணி. கடலுக்கு ஒரு சுவர் தூரத்தில் நன்னீர் ஊறுகிறது. பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. மாற்று உடுப்பு எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டில் கண்மூடியவர்களுக்குப் பிதிர்க்கடன் செலுத்த நினைப்பவர்களுக்கும் இதுவே இடம். ஆடி அமாவாசையன்று மட்டும் சைக்கிளை விட்டுவிடுங்கள், அவ்வளவு கூட்டம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். பாதித் தண்ணீரையும் பாதி பலத்தையும் அதற்கென்று மீதம் வைத்து, மாலை 3 மணியளவில் கீரிமலையை விட்டுப் புறப்படுங்கள்.