பிளானர், மெம்ஸ்னு போட்ட ஹெட்ஃபோன எப்படி கேட்டுப் பாத்து வாங்குறது

பாக்ஸ் மேல பெருசா பிளானர்னு போட்டிருக்குறத பாத்துட்டு மட்டும் வாங்கிடாதீங்க, உள்ள சத்தம் எப்படி உண்டாகுதுன்னு தெரிஞ்சாதான் எத சோதிச்சுப் பாக்கணும்னு புரியும்.

ஹெட்ஃபோன்ல சத்தத்த உண்டாக்குற பாகம்தான் டிரைவர். பழைய டைனமிக் டிரைவர்ல ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், சுருள் ஒட்டின டயாஃப்ரம் (ஆடி காத்த தள்ளுற மெல்லிசான சவ்வு), அவ்ளோதான். கரண்ட் போனா சுருள் முன்னும் பின்னும் ஆடி டயாஃப்ரத்த தள்ளும், ஆனா தள்ளு விழுறது சுருள் ஒட்டியிருக்குற எடத்துல மட்டும், அதனால வேகமா ஆடும்போது மத்த எடம் நெளியும். பிளானர்ல அந்தக் கம்பிய மெல்லிசான ஃபிலிம் மேல கோடு கோடா பரப்பிட்டு காந்தத்த பக்கத்துல வரிசையா வச்சிடுவாங்க, ஃபிலிம் மொத்தமும் ஒண்ணா நகரும். இது புதுசும் இல்ல, யமஹா 1976லயே விட்டுச்சு. எலக்ட்ரோஸ்டாட்டிக்னா மின்னேத்தம் வச்ச ஃபிலிம் ரெண்டு ஓட்டைத் தகடுக்கு நடுவுல ஆடும், ஸ்டாக்ஸ் கம்பெனியோட இப்போதைய மாடலுக்கு 580 வோல்ட் பயாஸ் (ஃபிலிம்ல மின்னேத்தத்த நிக்க வைக்கிற வோல்டேஜ்) வேணும், தனி ஆம்ப் (சிக்னல பெருசாக்குற கருவி) இல்லாம ஃபோன்ல ஓடவே ஓடாது.

உண்மையிலேயே புதுசுன்னா மெம்ஸ்தான். காந்தமும் கெடையாது சுருளும் கெடையாது, சிலிக்கான் சிப் மேல பீசோ படலம், வோல்டேஜ் குடுத்தா அதுவே வளைஞ்சு காத்த தள்ளும். 2023ல கிரியேட்டிவ் விட்ட ஆர்வானா ஏஸ் இயர்பட்ல ட்ரெபிளுக்கு (கீச்சு ஓசைக்கு) எக்ஸ்மெம்ஸ் கம்பெனியோட மெம்ஸ் சிப்பும் பேஸுக்கு (அடி ஓசைக்கு) 10 மிமீ டைனமிக் டிரைவரும் சேத்துதான் வச்சாங்க, அதனால மெம்ஸ்னு பாத்தா பேஸ யார் குடுக்குறாங்கன்னு ஸ்பெக்ல தேடுங்க.

இப்போ கேக்குற வேலை. சென்சிடிவிட்டி, அதாவது குடுக்குற பவருக்கு எவ்ளோ சத்தம் வருதுன்னு ஸ்பெக்ல பாருங்க, 1 மில்லிவாட்டுக்கு 90 டெசிபல் பக்கம்னா ஃபோன் திணறும், ஆம்ப் செலவையும் சேத்துக்கோங்க. அடுத்தது சீல், அதாவது காத காத்து போகாம அடைக்குறது, இயர்பட்ல டிப் (நுனியில இருக்குற ரப்பர்) சரியா உக்காரலன்னா எந்த டிரைவரா இருந்தாலும் பேஸ் ஓடிப் போயிடும், சைஸ் மாத்திப் போட்டுப் பாக்காம பேஸ் இல்லன்னு சொல்லிடாதீங்க. காதுல வைக்கும்போது பிளாஸ்டிக் தாள் கசங்குற மாதிரி சடசடன்னு கேட்டா உள்ள அடைபட்ட காத்து டயாஃப்ரத்த மடக்குதுன்னு அர்த்தம், மெதுவா வச்சும் நிக்கலன்னா அந்த மாடல் வேணாம்.

முக்கியமா, ரெண்டு ஹெட்ஃபோன கம்பேர் பண்ணும்போது சத்தத்த சமமா வைங்க. இதத்தான் யாருமே செய்யுறதில்ல! கொஞ்சம் சத்தமா இருக்குறதுதான் நம்ம காதுக்கு எப்பவும் நல்லா இருக்குற மாதிரி தோணும், டெக்னாலஜி வித்தியாசம்னு நெனச்சுப்போம், உண்மையில வால்யூம்தான் வித்தியாசம்.

20ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறுற ஸ்வீப் டோன கம்மி வால்யூம்ல ஓட விடுங்க, ஒரு எடத்துல கர்ருனு வந்தாலோ சத்தம் ஒரு காதுப் பக்கம் சாஞ்சாலோ குறிச்சுக்கோங்க. அப்புறம் மனப்பாடமா தெரிஞ்ச ஒரு பாட்டு போதும், பாடுறவங்க 'ஸ' சொல்லும்போது காத குத்துதா, சிம்பல் அடிச்ச பிறகு அந்த ஓசை மெல்ல மெல்ல கரையுறது கேக்குதா இல்ல பட்டுன்னு அறுந்துடுதா, இந்த ரெண்ட மட்டும் கவனிங்க.

பிளானர்னா கடைசியா அர மணி நேரம் தலையில மாட்டியே இருங்க, காந்தம் நிறைய இருக்குறதால வெயிட் ஜாஸ்தி, அஞ்சு நிமிஷத்துல கழுத்து ஒண்ணும் சொல்லாது.