நவீன விவசாயம் வரமா, சாபமா? இரண்டு பக்கமும் தேடிப் படிப்பது எப்படி

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் எடுக்கிறேன். பட்டிமன்றத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதும் என் பொறுப்பு. இந்தத் தலைப்பு அடிக்கடி வரும். ஒரு அணி பசுமைப் புரட்சி என்று முழங்கும்; இன்னொரு அணி விஷச் சோறு, மலட்டு மண் என்று முழங்கும். கைதட்டல் கிடைத்துவிடும். வீட்டில் தக்காளி போட்டிருக்கும் அப்பாவிடம் அதே பேச்சைப் பேசினால் ஒரு நிமிஷம்கூட நிற்காது. அங்கேயும் நிற்கிற பேச்சுக்கு எப்படித் தேடுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, தலைப்பை உடைப்பது. ரசாயன உரம், பூச்சி மருந்து, வீரிய விதை, ஒரே பயிர்ச் சாகுபடி, இயந்திரம், கூண்டுக் கோழி, ஒப்பந்தப் பண்ணை எல்லாம் ஒரே சங்கதி இல்லை. ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீர் போட்டு, ஒட்டுரக நாற்று வாங்கி, மருந்தும் அடிக்கிற குடும்பத்தையும் ஓசூர்ப் பசுமைக்குடில் ரோஜாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள் எடுங்கள். ஆதரவுக்கு ஒரு தாள், எதிர்ப்புக்கு ஒரு தாள். நான் வீரிய விதைக்கு ஆதரவு, கூண்டுக் கோழிக்கு எதிர்ப்பு. ஒரே ஆள் இப்படி இருப்பதில் தப்பே இல்லை.

அப்புறம் எண்கள். 1950-51இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 5 கோடி டன். 2022-23இல் சுமார் 33 கோடி டன். இதே காலத்தில் மக்கள்தொகை 36 கோடியிலிருந்து 140 கோடியானது. வகுத்துப் பாருங்கள்: ஆள் பெருகியது சுமார் நான்கு மடங்கு, தானியம் ஆறு மடங்குக்கு மேல். ஆதரவுத் தாளின் பலமான வரி இதுதான். உடனே எதிர்த் தாளுக்குப் போய், அந்தக் கூடுதலில் பெரும்பகுதி எந்தத் தானியம் என்று கேளுங்கள். நெல்லும் கோதுமையும். நம் மேட்டு நிலத்தின் கேழ்வரகும் சாமையும் பின்தங்கின. 2023இல் தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்ததை இந்த இடத்தில் எழுதலாம்.

ஒரு எண்ணைக் கேட்டால் அது பிறந்த இடம் வரை போங்கள். ‘உலக உணவில் 70 சதவீதம் சிறு விவசாயிகள் தருவது’ என்று மேடைகளில் சொல்வார்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வுப்படி, 2 ஹெக்டேருக்குக் குறைந்த பண்ணைகள் தருவது சுமார் 35 சதவீதம். குடும்பப் பண்ணைகள் தருவது சுமார் 80. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் குடும்பமும் இந்த 80க்குள் அடங்கும். சிறு பண்ணையும் குடும்பப் பண்ணையும் கலந்துவிட்டால் வாதமே சரிந்துவிடும்.

இயற்கை விவசாயத்தில் விளைச்சல் குறையுமா? 2012இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்கிறது. எந்தப் பயிர், எந்த நிலைமை என்பதைப் பொறுத்து மாறும். நவீன விவசாயத்தை ஆதரிக்கும் அணி 34ஐ மட்டும் சொல்லும், எதிரணி 5ஐ மட்டும். பயிர் பேரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லும் பேச்சை நான் ஏற்பதில்லை.

இலங்கையை இரண்டு தாளிலும் எழுதுங்கள். 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது. அந்த வருஷ முடிவுக்குள் தடையைத் தளர்த்தினார்கள். உரம் இல்லாமல் முடியாது என்பது ஒரு வாசிப்பு. மண்ணைத் தயார்ப்படுத்தாமல் மாறினால் இப்படித்தான் ஆகும் என்பது இன்னொன்று. சிக்கிம் 2003இல் முடிவெடுத்து 2016இல்தான் முழு இயற்கை விவசாய மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கூடவே, அங்கே முன்பிருந்தே உரப் பயன்பாடு குறைவு என்பதையும் எழுதுங்கள்.

ஆட்களை இரண்டு அணியாகப் பிரிக்கும்போது ரொம்பக் கவனம் வேண்டும். பசுமைப் புரட்சியை முன்னெடுத்த விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனை ஆதரவுப் பக்கம் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். 1968 ஜனவரியில் வாராணசி அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைக் காக்காமல் சுரண்டினால் நிலம் பாலைவனமாகும் என்று எச்சரித்தவரும் அவர்தான். அதே மாதிரி, பாரம்பரியப் பயிர் என்றாலே அறிவியலுக்கு எதிர்ப்பக்கம் என்று நினைக்காதீர்கள். காவேரிப்பட்டினம் அருகே பையூர் ஆராய்ச்சி நிலையம் கேழ்வரகிலும் சாமையிலும் புது ரகங்கள் தந்திருக்கிறது. அங்கேயும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் போய்க் கேட்கலாம்.

நம் மாவட்டத்தில் ஒரு பொறி உண்டு. பல்லில் காவிக் கறையைக் காட்டி, ‘உரம் போட்டதால் வந்தது’ என்பார்கள். அது தண்ணீரில் இருக்கும் புளோரைடு. பாறையிலிருந்து கரைந்து வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் காரணம். பாசனத்துக்குப் போர்வெல்லை ஆழம் ஆழமாகப் போடுவது தனி வாதம், அதைத் தனித் தாளில் எழுதுங்கள்.

இனி நேரில் கேட்பது. இங்கேதான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ‘மருந்து நல்லதா, கெட்டதா’ என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். ‘மாமா, போன தடவை தக்காளிக்கு எத்தனை முறை மருந்து அடிச்சீங்க? யார் சொல்லி அடிச்சீங்க? ஒரு தடவை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?’ என்று கேளுங்கள். மண்ணைப் பரிசோதித்துத் தரும் மண்வள அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து டப்பாவின் முக்கோண நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. டப்பாவைத் தொட்டால் கையைக் கழுவுங்கள்.

நிலம் வைத்திருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். களைக்கொல்லி கூலியை மிச்சப்படுத்துகிறது என்பார் அவர். களை எடுக்கப் போகும் அக்காவுக்கு அந்த மிச்சம்தான் போன கூலி. அதே அக்காவிடம் வெயிலில் குனிந்து நிற்கும் இடுப்பு வலியையும் கேளுங்கள். அது ஆதரவுத் தாளுக்குப் போகும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத பக்கத்துத் தாளை அந்தப் பக்கத்து ஆளிடமே வாசித்துக் காட்டுங்கள். ‘நான் சொல்றது இதுதான்’ என்று அவர் சொல்லும்வரை திருத்துங்கள். மேடையில் யார் பேரையும் சொல்ல வேண்டாம். ஊரும் பயிரும் போதும்.