பேதி மருந்தா, பேதிக்கு மருந்தா?

என் அத்தைக்கு நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. மருந்துக் கடைக்கு அனுப்பிய பையன், "பேதிக்கு மருந்து கொடுங்க" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுத்துவிட்டார். நல்ல வேளை, அத்தை அட்டையை ஒருமுறை கண்ணருகே வைத்துப் படித்தார்.

இருவர் மேலும் குற்றமில்லை. "பிள்ளைக்குப் பேதிக்குக் கொடுத்தாச்சா?" என்று பாட்டி கேட்டால், விளக்கெண்ணெய் கொடுத்தாயிற்றா என்றுதான் பொருள். அந்தக் 'கு', பேதியாகும் பொருட்டு. "காய்ச்சலுக்கு மருந்து" என்னும்போது அதே 'கு' காய்ச்சலுக்கு எதிராக நிற்கிறது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் 'பகை'யும் உண்டு, 'பொருட்டு'ம் உண்டு; இங்கே இரண்டும் ஒரே தொடரில் மோதிக்கொள்கின்றன. கடையில் கேட்கும்போது "மலம் இளக", "போக்கு நிற்க" என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த தவறு, 'பேதி' என்றாலே சுத்தம் என்று நினைப்பது. சொல்லில் சுத்தம் இல்லை. பிளத்தல், உடைத்தல் என்று பொருள்படும் 'பித்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது அது. பேதம், அபேதம், சாம பேத தான தண்டம் எல்லாம் அதன் உறவுதான். இறுகிக் கட்டிய மலத்தை உடைத்து வெளியேற்றுவது 'பேதனம்'. சார்ங்கதர சம்ஹிதை என்ற ஆயுர்வேத நூல் இதைத் தனி வகையாக வைத்து, கடுகுரோகிணி என்ற மூலிகையை உதாரணம் காட்டுகிறது. கடுக்காய் வேறு வகை, சிவதை வேறு வகை. ஆக, எல்லாவற்றையும் பேதி மருந்து என்று ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறுதான்.

பேதியாக வைக்கும் சிகிச்சையான 'விரேசனம்' என்பதிலும் சுத்தம் கிடையாது. அதன் வேர் 'ரிச்', காலியாக்குதல். மூச்சை வெளியே விடுவதை ரேசகம் என்கிறோமே, அதே வேர். எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு இது: நுரையீரலைக் காலி செய்வதற்கும் குடலைக் காலி செய்வதற்கும் ஒரே சொல். இதைப் பிடித்துக்கொண்டால் 'விரோசனம்' என்று பிழையாக எழுத வராது. வாந்தி எடுக்க வைக்கும் வமனத்தோடும் குழப்பம் வராது.

அப்படியானால் சுத்தத்தைக் குறிக்கும் சொல் எது? 'சோதனம்'. சுத்தம், சுத்தி என்பவற்றின் வேரான 'சுத்' தான் இதற்கும் வேர். வமனம், விரேசனம், ஆசனவாய் வழியே மருந்து செலுத்தும் வஸ்தி முதலியவற்றை ஆயுர்வேதம் சோதனம் என்ற தலைப்பில்தான் வைக்கிறது. வாதம், பித்தம், கபம் என்னும் தோஷத்தை வெளியேற்றாமல் அடக்குவது சமனம். 'சோதன சிகிச்சை' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ஏதோ ரத்தப் பரிசோதனை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சோதனையும் அதே வேர்தான், ஆனால் தமிழில் அது ஆராய்வதற்குப் போய்விட்டது.

'சுத்தி'க்கு மருந்துச் செய்முறையில் இன்னொரு பொருள் உண்டு. கடும் பேதியை உண்டாக்கும் நேர்வாளத்தைச் சுத்தி செய்தல் என்றால் அந்த விதையின் நஞ்சை முறித்தல். அது உடம்பைச் சுத்தம் செய்வதைக் குறிக்காது. இந்த ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டு, வீட்டில் யாரும் நேர்வாளத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.