அசைன்மென்ட் தள்ளிக்கொண்டே போகிறதா?

அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடும் மாணவரைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் காரணம் பயம்தான்: தலைப்பு புரியவில்லை, எழுதுவது மோசமாக வந்துவிடுமோ என்ற கலக்கம். ஃபோனை எடுத்ததும் அது சற்று அடங்குகிறது. அதனால் நாளையும் அதையே செய்கிறோம்.

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட முதலாண்டு மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. ஆகவே உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

பிறகு, 'ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதணும்' என்று குறிக்காமல், 'ராத்திரி சாப்பிட்டதும் இரண்டாம் அத்தியாயத்துக்கு ஐந்து வரி, கிறுக்கலாக இருந்தாலும் சரி' என்று நேரமும் அளவும் சேர்த்துக் குறியுங்கள். தலைப்பே புரியவில்லையென்றால் அன்றைய வேலை ஒன்றுதான்: கைடிடம் போய்க் கேட்பது.