கோடி கோடி டாலர் நோட்டு வாங்கும் முன்: விலைவாசிக் கிண்டல் பொருள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் பழைய காசு சேர்க்கிறவர்களுக்குக் குறைவில்லை. கொற்கைப் பாண்டியர் காசு, விக்டோரியா தலை போட்ட அணா என்று உட்கார்ந்தால் எழுந்திருக்காமல் பேசுவார்கள். அவர்கள் சட்டை செய்யாத ஒரு வகை உண்டு: விலைவாசியைக் கேலி செய்யும் நோட்டு, பதக்கம், சட்டையில் குத்தும் பட்டன். செலவு குறைவு, சிரிப்பு அதிகம். ஏமாறவும் நிறைய இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அரசாங்கமே நிஜமாக அச்சடித்து, பிறகு கேலிக்கு ஆளான பணம் ஒரு ரகம். கேலிக்கென்றே செய்தது இன்னொன்று. இந்த இரண்டையும் பார்த்து இன்றைக்கு யாரோ அடித்து விற்கும் நகல் மூன்றாவது. விலை கேட்பதற்கு முன் இது எந்த ரகம், எந்த வருஷம் என்று கேளுங்கள். வருஷம் தெரியாத கிண்டலில் சுவை இல்லை.

ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலர் நோட்டு முதல் ரகம். நம் கணக்கில் கோடி கோடி. 2009 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஏப்ரலிலேயே அந்த டாலரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2015இல் மாற்றிக்கொள்ளச் சொன்னபோது அந்த ஒரு நோட்டுக்குக் கிடைத்தது 40 அமெரிக்க சென்ட். இன்று சேகரிப்பாளர்கள் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள், அதனாலேயே போலியும் பெருகிவிட்டது. அசல் நோட்டில் வருஷம் 2008 என்றுதான் இருக்கும், 2009 என்று தேடாதீர்கள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பாறைகள், பின்பக்கம் அருவியும் காட்டெருமையும். தங்கத் தாளில் மினுமினுக்கிறது, '24 கேரட்' என்று சான்றிதழோடு வருகிறது என்றால் அது பொம்மை. நூறு டிரில்லியனுக்கு மேல் அந்த நாட்டு ரிசர்வ் வங்கி நோட்டே வெளியிடவில்லை. பூஜ்யம் கூடக் கூட மதிப்பு கூடும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது ரகத்தில் எனக்குப் பிடித்தது ஜெர்மனியில் அடித்த ஒரு பதக்கம். 1923 நவம்பர் 1 அன்று ஒரு பவுண்டு ரொட்டி 300 கோடி மார்க், இறைச்சி 3,600 கோடி, ஒரு கிளாஸ் பீர் 400 கோடி என்று அதில் பொறித்திருக்கிறது. ரொட்டியை விட பீருக்கு விலை அதிகம் என்பதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! அமெரிக்காவில் 1974இல் அதிபர் ஃபோர்டு, பணவீக்கத்தை விரட்டுவோம் என்று 'வின்' (WIN: 'Whip Inflation Now' என்பதன் சுருக்கம்) எழுதிய பட்டனைக் கொண்டுவந்தார். அவர் கேலியாகச் செய்யவில்லை. ஜனங்கள்தான் அதைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு கேலியாக்கினார்கள். அது ஏராளமாக அடித்த பட்டன். 'அபூர்வம்' என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம், வந்த பொருளைத் தேய்ப்பது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை நம்முடையது. 1923இன் 200, 500 மார்க் காசுகள் அலுமினியம். புளியில் ஊறினால் மேற்பரப்பை அமிலம் அரித்துவிடும். அதன்பின் எவ்வளவு பளபளத்தாலும் விலை போகாது. பித்தளைப் பதக்கத்திலும் கறுத்த படலத்தைத் தொடக் கூடாது. நோட்டை லேமினேஷன் செய்வதும் அதே குற்றம்தான். திருச்செந்தூர், உவரி பக்கம் இருப்பவர்கள் தகரப் பட்டனைத் திறந்து வைத்தால் உப்புக்காற்றில் துரு ஏறிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு வைக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்கையே தேடிக்கொண்டு வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை. சதுர ஒரு பைசா, அறுகோண மூன்று பைசா, வளைவு வளைவான பத்துப் பைசா எல்லாம் அங்கேதான் கிடக்கும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயின. காசை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. "ஆச்சி, இந்தப் பத்துப் பைசாவுக்கு அப்ப என்ன வாங்குவிய?" என்று கேளுங்கள். கமர்கட்டு கணக்கில் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடும். அதில் பொருள், விலை, ஏறக்குறைய எந்த வருஷம் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் காசோடு வையுங்கள். ஜெர்மன்காரன் பதக்கத்தில் செய்ததும் அதுதானே. பெட்ரோல் விலை ஏறியபோது கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பெட்ரோல் கேன் கொடுத்த படங்கள் வந்தனவே, அந்தப் பத்திரிகைத் துண்டும் தேதியோடு சேர்த்து வைக்கத் தக்கதுதான். கேன் வேண்டாம்.

சட்டம் பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். 2016இல் செல்லாமல் போன 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஞாபகார்த்தமாகக் கட்டாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2017இல் வந்த சட்டப்படி யாரும் பத்து நோட்டு வரைதான் வைத்திருக்கலாம்; ஆராய்ச்சிக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப்போல ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் உண்டு.

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடக்கிறது என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

நாமே ஒரு கிண்டல் நோட்டு அடித்தால் என்ன என்று தோன்றும். கல்யாண ஃப்ளெக்ஸிலும் பத்திரிகையிலும் ரூபாய் நோட்டு வடிவத்தைப் போடுகிறார்களே என்பீர்கள். நோட்டைப் போலத் தோன்றும் எதையும் அச்சடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 182ஆம் பிரிவில் குற்றம். நோட்டின் வடிவத்தையே தொடாமல், நம் ஊர்ப் பனையோலையில் ஒரு வட்டம் வெட்டி, பாளை மார்க்கெட்டில் இன்றைக்குச் சின்ன வெங்காயம் கிலோ என்ன விலை என்று எழுதிக்கொள்ளலாம். தேதி போட மறக்காதீர்கள்.