ஸ்மோக் ஆன் த வாட்டர்: கிதார் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிதார் விற்கும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். யாராவது ஒருவர் சுவரில் மாட்டியிருப்பதை இறக்கி, டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னக் கிதார் மெட்டை, தட்டிப் பார்ப்பார். என்னிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் இதை ஏற்கெனவே கையில் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். சுருதி சேராத கம்பி, ஓடிப்போகும் தாளம் எல்லாம் நாள்பட நாள்படச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். பல வருஷம் மேடையில் வாசித்த பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

பிக்கும் பவர் கார்டும்

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டையில்) விரலை வைத்து, ஜி பவர் கார்டு (சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பிடி) பிடித்து, பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகட்டால்) கீழ்நோக்கி அடிப்பார்கள். அப்புறம் அதே பிடியை அப்படியே நகர்த்தி மொத்த ரிஃப்பையும் முடித்துவிடுவார்கள். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மாஸ்டர், ரெண்டுலயும் அதே சுரம்தானே?"

சுரம் அதேதான், எது மேலே இருக்கிறது என்பதில்தான் விஷயம். குழுவின் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அமைத்த இந்த ரிஃப், நான்காம் இடைவெளியில் (பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம் வரையிலான தூரத்தில்) இரண்டு இரண்டு சுரமாக நகர்வது. ஜி-யை சட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சட்ஜம், அதற்குக் கீழே மந்தர பஞ்சமம். மேல் வரிசையில் ச, க, ம என்று மெட்டு தெளிவாகக் கேட்கும். காந்தாரம் சாதாரணம், மத்தியமம் சுத்தம், நடுவில் ஒரே ஒரு தடவை பிரதி மத்தியமம் தொட்டுப் போகும். பவர் கார்டில் இது தலைகீழாகிவிடுகிறது. சட்ஜம் அடியில் போய்விடும், மேலே ஒலிப்பது பஞ்சமமும் நிஷாதமும். நம் காது எப்போதும் மேல் சுரத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் மெட்டு என்னவோ மாறின மாதிரி இருக்கும், ஏன் என்று வாசிக்கிறவருக்கே தெரியாது.

சரியான வழி இதைவிட எளிது. டி கம்பி, ஜி கம்பி, இந்த இரண்டு மட்டும். எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும், திறந்த கம்பி என்றால் விரல் வைக்காமல். திறந்த கம்பி, 3, 5. திறந்த கம்பி, 3, 6, 5. திறந்த கம்பி, 3, 5, 3, திறந்த கம்பி. பிக்கை சட்டைப்பையில் போட்டுவிட்டு, கட்டைவிரல் ஒரு கம்பியிலும் ஆள்காட்டி விரல் இன்னொன்றிலுமாக இரண்டையும் ஒரே நொடியில் கிள்ளி விட வேண்டும். பிளாக்மோர் பெரும்பாலும் விரலால்தான் இதை வாசிப்பார். பிக்கால் அடித்தால் முதலில் ஒரு கம்பி, மயிரிழை தள்ளி அடுத்த கம்பி. அந்தச் சின்ன இடைவெளியில் ரிஃப்பின் கூர்மை போய்விடும்.

என்னிடம் படித்த பையன்கள் சிலர் கல்லூரி விழாவுக்காக மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டுடியோ எடுத்தார்கள். கீபோர்டு வாசித்த பெண் நோட்டேஷனைப் பார்த்து ஒழுங்காக நான்காம் இடைவெளியில் வாசிக்கிறாள். கிதார் பையன் தாழ்ந்த பவர் கார்டில் போகிறான். பேஸ் கிதார் வந்து சேர்ந்ததும் எல்லாம் குழம்பிச் சேறாகிவிட்டது. முதலில் ஆம்பைக் குறை சொன்னார்கள், அப்புறம் மைக்கை. கடைசியில் புதுசாக ஒரு டிஸ்டார்ஷன் பெடலே வாங்கிவிட்டார்கள். பெடலுக்குப் பிறகு சேறு இன்னும் கெட்டியாகியிருந்தது. கை இருக்கும் இடம் தப்பாக இருக்கும்போது காசைக் கொட்டி என்ன பயன்?

மூல ஒலிப்பதிவைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் கிதார் தனியாக. அடுத்து ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் அதே ரிஃப்பை மார்ஷல் ஆம்ப் வழியாக உறுமிக்கொண்டு சேர்ந்துகொள்கிறது. ஹை-ஹாட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளம்), முழு டிரம்ஸ், அதற்கும் பிறகுதான் ரோஜர் குளோவரின் பேஸ். அடிப்பகுதியை அத்தனை நேரம் காலியாக வைத்திருப்பதால்தான் பேஸ் நுழையும்போது தரை அதிர்கிற மாதிரி இருக்கிறது. ஆறாவது கம்பியில் முதலிலேயே அந்த இடத்தை அடைத்துவிட்டால் பாவம், பேஸ் வாசிப்பவர் எங்கே போவார்?

கெயின்

ஆம்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் இந்தத் திருகை பாதிக்கு மேல் திருப்பாதீர்கள்.

மேடையில் தப்பான கதை சொல்வது

வாசிப்பதற்கு முன் மைக்கைப் பிடித்து, "டீப் பர்ப்பிள் பாடிக்கொண்டிருந்தபோது அரங்கம் தீப்பிடித்தது" என்று ஆரம்பிப்பார்கள். அன்றைக்குப் பாடியது அவர்கள் இல்லை. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மான்ட்ரூ நகரம். கேசினோ அரங்கில் ஃப்ராங்க் ஸாப்பாவும் அவருடைய குழுவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் (தீப்பிழம்பாக எரியும் சைகை வெடியை விடுவது) கூரை நோக்கிச் சுட்டார். பிரம்பு வேய்ந்த கூரை, கேட்கவா வேண்டும். கட்டடம் முழுவதும் எரிந்தது, நல்லவேளையாக யாரும் சாகவில்லை. பாட்டில் ஃபங்கி கிளாட் என்று வருவது மான்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நோப்ஸ். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியேற்ற உதவியவர்களில் அவரும் ஒருவர்.

இன்னொரு கதை, பாட்டு போதைப்பொருளைப் பற்றியது என்பது. ஏரி மேல் பரவிய புகை நிஜமான புகை. சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்தபோது குளோவருக்கு அந்தத் தலைப்பு வாயில் வந்ததாம். போதைப் பாட்டு மாதிரி ஒலிக்கிறதே என்று குழுவே முதலில் தயங்கியது.

மூன்றாவது தப்பு, பாட்டைக் கேசினோவில் பதிவு செய்தார்கள் என்பது. அங்கே செய்வதாகத்தான் திட்டம். ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோ லாரியும் அதற்காகவே வந்திருந்தது. கேசினோ எரிந்துபோனதும் பெவிலியன் என்ற அரங்குக்கு மாறினார்கள். இரவில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்து நிறுத்தியது. அதற்குள் பதிவாகியிருந்தது இந்தப் பாட்டின் இசைப்பகுதி. அப்போது வரிகளும் இல்லை, தலைப்பும் இல்லை. மற்றப் பாடல்களைக் குளிர்காலத்தில் ஆளில்லாமல் கிடந்த கிராண்ட் ஹோட்டலில் எடுத்தார்கள். பதிவானதைப் போட்டுக் கேட்க லாரி வரைக்கும் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியிருந்ததால், பல தடவை கேட்காமலேயே அடுத்ததற்குப் போனார்களாம்.

கதை சொல்லத்தான் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், இதுவே போதுமான அளவு விறுவிறுப்பாக இருக்கிறது. வாசிப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. அந்த இசைப்பகுதி ஒரு பெரிய அரங்கில் நான்கு பேர் சேர்ந்து வாசித்தது. ஆளுக்கொரு அறையில் தனித்தனியாகப் பழகிவிட்டு மேடையில் முதல் தடவை சந்தித்தால் அந்த நெருக்கம் வராது.

வெளியானதுமே ஹிட் என்று நினைப்பது

இல்லை. இந்தப் பாட்டு இடம்பெற்ற மெஷின் ஹெட் ஆல்பம் வந்தது 1972 மார்ச்சில். அப்போது சிங்கிளாக (தனிப்பாட்டு வெளியீடாக) விட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாட்டை. இது சிங்கிளாக வந்தது 1973-இல், அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது.

ரிஃப்போடு நிறுத்திவிடுவது

ரிஃப் தெரியும், பாட்டு தெரியாது. இயன் கில்லன் பாடும் சரணத்தில் கிதார் ஜி-யிலிருந்து எஃப்-க்குப் போய்த் திரும்பும். பல்லவியில் சி, ஏ ஃப்ளாட் வந்து, மறுபடி ஜி ரிஃப்புக்கு இறங்க வேண்டும். ஏ ஃப்ளாட்டில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ரிஃப்பை ஆயிரம் தடவை வாசித்த கைக்கு அந்த மாற்றம் ஒரு தடவைகூடப் பழக்கமில்லை.

அப்புறம் முடிவு. ஆல்பத்தில் பாட்டு மெல்ல மங்கி ஓய்ந்துவிடும், மேடையில் அப்படி ஓய முடியாது. எத்தனை சுற்று, யார் தலையாட்டுவது, கடைசி அடி எந்தச் சுரத்தில் என்று ஒத்திகையிலேயே பேசி வையுங்கள். 1972 ஆகஸ்டில் ஜப்பானில் பதிவான நேரடிக் கச்சேரி ஆல்பத்தில் இதே பாட்டு இருக்கிறது. மேடையில் எப்படி முடித்தார்கள் என்று அதில் கேட்டுக்கொள்ளலாம்.